பாட்டி இளவரசி, தந்தைக்கு இரண்டு திருமணம்: ஆரன் பிரபுவின் வம்சாவளியைப் படிப்பது எப்படி?

1542 டிசம்பர் 14 அன்று ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தபோது, அவருக்கு முறைப்படி வாரிசாக இருந்தது பிறந்து ஆறே நாளான ஒரு பெண் குழந்தை மட்டுமே. மேரி என்ற அந்தக் குழந்தை அரசியானாள். பச்சிளங்குழந்தைகள் பலர் பிழைக்காத காலம் அது. ஆகவே குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் முடி யாருக்குப் போகும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஜேம்ஸ் ஹாமில்டனுக்கு, அதாவது இரண்டாம் ஆரன் ஏர்லுக்கு என்பது பலர் சொன்ன பதில். 1543 மார்ச்சில் கூடிய நாடாளுமன்றம், இருபதுகளில் இருந்த அந்த இளைஞரை 'நாட்டின் இரண்டாம் நபர்' என்று அறிவித்து, அரசி வளரும்வரை நாட்டை ஆளும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தது.

சில வாரங்களுக்குள் பிரான்ஸிலிருந்து இன்னொரு பிரபு வந்து இறங்கினார். அவர் நான்காம் லெனாக்ஸ் ஏர்லான மேத்யூ ஸ்டூவர்ட். ஆரன் முறையான திருமணத்தில் பிறந்தவரே அல்லர், ஆகவே இரண்டாம் நபர் என்ற இடம் தமக்கே உரியது என்பது அவர் கட்சி. ஒருவருடைய பாட்டனார், பாட்டியார், தந்தையின் மணமுறிவு ஆகியவை ஒரு நாட்டின் அரசியலை அரை நூற்றாண்டுக்கு எப்படி ஆட்டிவைத்தன என்பதை இந்த ஒரு குடும்பத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் வம்சாவளியைப் படிக்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தக் குடும்பத்தில் எங்கு திரும்பினாலும் ஜேம்ஸ் ஹாமில்டன்தான். நம் கதைநாயகரின் பெயர் ஜேம்ஸ் ஹாமில்டன், தந்தை ஜேம்ஸ் ஹாமில்டன், பாட்டனார் ஜேம்ஸ் ஹாமில்டன், மூத்த மகனும் ஜேம்ஸ் ஹாமில்டன். போதாததற்கு, மணவுறவுக்கு வெளியே பிறந்த அண்ணன் ஒருவரும் ஜேம்ஸ் ஹாமில்டன். எனவே அக்காலத்தவர் ஒருவரை அவருடைய பட்டத்தாலோ நிலத்தாலோதான் அடையாளம் சொன்னார்கள். பாட்டனார் 'ஹாமில்டன் பிரபு', தந்தை 'முதல் ஆரன் ஏர்ல்', நம்மவர் 'இரண்டாம் ஆரன் ஏர்ல்', அண்ணன் 'ஃபின்னார்ட்காரர்'. ஏர்ல் என்பது அங்கிருந்த பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்த படிகளுள் ஒன்று. ஆரன் என்பது மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவு. ஸ்காட்லாந்துப் பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வம்சாவளி படிப்பவருக்கு அது பெரிய உதவி. எந்த மனைவி எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

இனி வேரிலிருந்து தொடங்குவோம். ஆவணங்களில் உறுதியாகத் தெரியும் முதல் முன்னோர் வால்ட்டர் ஃபிட்ஸ் கில்பர்ட். 'ஃபிட்ஸ்' என்றால் 'மகன்' என்று பொருள், ஆகவே இது கில்பர்ட்டின் மகன் வால்ட்டர் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பெய்ஸ்லி மடத்துக்கான ஒரு சாசனத்தில் சாட்சியாக இவர் தலைகாட்டுகிறார். 1314இல் பானக்பர்ன் போர் நடந்தபோது இவர் ஆங்கிலேயருக்காகப் பாத்வெல் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தார். போரில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் வென்றதும், அங்கே அடைக்கலம் தேடி வந்த ஆங்கிலப் பிரபுக்களோடு கோட்டையையும் ஒப்படைத்துவிட்டுக் கட்சி மாறினார். அதன் பலனாகக் கேட்ஸோ, கின்னீல் முதலிய நிலங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தன. குடும்பத்தின் அடித்தளமே ஒரு கோட்டை வாசலை உரிய நேரத்தில் திறந்துவிட்ட சாமர்த்தியம்தான்.

பிற்காலத்தில் பெரிய மனிதர்களான பிறகு, இந்தத் தொடக்கம் அவர்களுக்குப் போதவில்லை போலும். குடும்பச் சின்னத்தின் மேல்முகட்டில் ஓர் ஓக் மரமும் அதை ஊடறுத்து நிற்கும் வாளரமும் உண்டு. அதன் குறிமொழி 'ஊடே' என்னும் பொருள் தரும் ஒற்றைச் சொல். இதற்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. ஆங்கிலேய அரசவையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிய முன்னோர் ஒருவர், மரம் வெட்டுகிறவர்களின் உடையை வாங்கி அணிந்து, துரத்தி வந்தவர்கள் பக்கத்தில் வந்ததும் திகைத்துப்போன வேலையாளிடம் 'ஊடே அறு' என்று அதட்டித் தப்பினாராம். கதை பதினாறாம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. கேடயத்தில் உள்ள மூன்று ஐந்திதழ் மலர்களை வைத்து லெஸ்டர் நகரப் பழைய ஆங்கில ஏர்ல்களோடு உறவு சொல்லும் வழக்கமும் உண்டு. சின்னம் ஒன்றாக இருப்பதால் இரத்தம் ஒன்றாகிவிடாது என்பதால், வம்சாவளி படிப்பவர் இத்தகைய கதைகளைத் தனிப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டுச் சாசனங்களைப் பின்தொடர்வதே முறை.

சாசனங்கள் காட்டுவது மெதுவான ஏற்றம்தான். பல தலைமுறைகளுக்கு இவர்கள் கேட்ஸோவின் நிலக்கிழார்கள், அவ்வளவே. 1445இல் அக்குடும்பத்து ஜேம்ஸ் நாடாளுமன்றப் பிரபு ஆனார், கேட்ஸோ என்ற இடத்துக்கே ஹாமில்டன் என்று பெயர் வந்தது. அவர் முதலில் சார்ந்திருந்தது அரசரையே எதிர்த்து நின்ற டக்ளஸ் குடும்பத்தை. 1455இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் படை டக்ளஸ்களின் ஆபர்கார்ன் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவர் டக்ளஸ்களைக் கைவிட்டு அரசர் பக்கம் சேர்ந்தார். பானக்பர்னில் முன்னோர் செய்ததையே இவரும் செய்தார் என்று சொன்னால் தவறில்லை. நிலங்கள் மேலும் சேர்ந்தன. ஆனாலும் அரச குடும்பத்தோடு இரத்த உறவு ஒரு துளியும் இல்லை. அது 1474இல் வந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஐம்பது வயதைக் கடந்துவிட்ட இந்த ஹாமில்டன் பிரபு, இரண்டாம் ஜேம்ஸின் மகளும் அப்போது ஆண்டுகொண்டிருந்த மூன்றாம் ஜேம்ஸின் தங்கையுமான இளவரசி மேரியை மணந்தார். இளவரசிக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். அவருக்கு இது இரண்டாம் திருமணம். முதலில் அவரை 1467இல் தாமஸ் பாய்ட் என்பவருக்குக் கட்டிக்கொடுத்து, ஆரன் ஏர்ல் பட்டத்தையும் கொடுத்திருந்தார்கள். சிறுவனாக இருந்த மன்னரைக் கைக்குள் போட்டுக்கொண்டு அதிகாரம் செய்த பாய்ட் குடும்பம் 1469இல் கவிழ்ந்தது. தாமஸ் நாட்டைவிட்டு ஓடினார், அந்தத் திருமணமும் பின்னர் செல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஹாமில்டனுக்கும் மேரிக்கும் ஜேம்ஸ், எலிசபெத் என்று இரண்டு குழந்தைகள். தாயின் முதல் கணவருக்கு இருந்த ஆரன் ஏர்ல் பட்டம், 1503இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரின் திருமண விழாவின்போது மகன் ஜேம்ஸுக்கு வந்து சேர்ந்தது. அவர்தான் முதல் ஆரன் ஏர்ல். பட்டத்தோடு குடும்பக் கேடயத்தில் ஐந்திதழ் மலர்களுக்குப் பக்கத்தில் ஆரன் தீவைக் குறிக்கும் ஒற்றைப் பாய்மரக் கப்பலும் ஏறியது.

ஒரே ஒரு பாட்டியால் ஒருவர் எப்படி முடிக்கு அடுத்தவர் ஆனார் என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் ஜேம்ஸுக்குப் பிறந்த மக்களின் கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணினால் விடை வரும். மூத்தவர் மூன்றாம் ஜேம்ஸின் கிளையில் நான்காம் ஜேம்ஸ், அவருக்குப் பின் ஐந்தாம் ஜேம்ஸ், அவருக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் 1541இல் அடுத்தடுத்து இறந்துவிட, மிஞ்சியது குழந்தை மேரி ஒருத்திதான். அடுத்தவர் அல்பனி டியூக் அலெக்சாண்டர். அவருடைய மகன் ஜான் 1536இல் முறையான வாரிசு இல்லாமல் இறந்தார். இன்னொரு மகனான மார் ஏர்லுக்குச் சந்ததி இல்லை. ஆண் கிளைகள் இப்படி ஒவ்வொன்றாகப் பட்டுப்போக, மகள் மேரியின் கிளைக்கு முறை வந்தது. ஐந்தாம் ஜேம்ஸுக்கும் இரண்டாம் ஆரன் ஏர்லுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. ஒருவருக்கு அவர் தந்தை வழியாக மட்டும், மற்றவருக்கு நடுவில் ஒரு பெண் வழியாக. ஸ்காட்லாந்து முடியுரிமையில் பெண்வழி பின்னுக்குத் தள்ளப்பட்டதே தவிர, விலக்கப்படவில்லை.

ஆரனுடைய நான்கு பாட்டன் பாட்டிகளில் அரச இரத்தம் இருந்தது ஒருவரிடம் மட்டுமே. தாய்வழிப் பாட்டனார் ஃபைஃப் பகுதியில் கிரீச் என்ற இடத்து நிலக்கிழாரான டேவிட் பீட்டன். அவருடைய மகள் ஜேனட் பீட்டன்தான் ஆரனின் தாய். அந்தக் குடும்பத்துக்கு முடியுரிமை எதுவும் இல்லை. ஆனால் திருச்சபையில் செல்வாக்கு ஏராளம். ஜேனட்டின் சித்தப்பா ஜேம்ஸ் பீட்டன் பேராயர், ஒன்றுவிட்ட சகோதரர் டேவிட் பீட்டன் கர்தினால். அந்தக் கர்தினால் இந்தக் கதைக்குள் மறுபடியும் வருவார்.

சிக்கலெல்லாம் தந்தையின் திருமணங்களில்தான். முதல் ஆரன் ஏர்ல் முதலில் மணந்தது ஹோம் பிரபுவின் குடும்பத்து எலிசபெத் ஹோமை. குழந்தை இல்லை. 1504இல் அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை மன்றம் தீர்ப்பளித்தது. எலிசபெத் முன்பே தாமஸ் ஹே என்பவருக்கு மணமானவர் என்றும், ஆரனை மணந்தபோது அந்தக் கணவர் உயிரோடு இருந்தார் என்றும் காரணம் சொல்லப்பட்டது. 1510இல் மீண்டும் ஒரு தீர்ப்பு பெறப்பட்டது. பின்னர், 1516 வாக்கில், அவர் ஜேனட் பீட்டனை மணந்தார். ஃப்ளாடன் போரில் கணவரை இழந்திருந்த ஜேனட்டுக்கும் அது மறுமணமே. அந்த மணத்தில் பிறந்தவர் நம் ஆரன். அவர் பிறந்தபோது எலிசபெத் ஹோம் உயிரோடுதான் இருந்தார்.

இங்கே அக்காலத் திருமணச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்று நாம் விவாகரத்து என்று சொல்வது, அதாவது நல்லபடியாக நடந்த திருமணத்தை இடையில் முறித்து இருவரையும் மறுமணத்துக்கு விடுவிப்பது, மத்தியகாலத் திருச்சபைச் சட்டத்தில் கிடையாது. மன்றம் செய்யக்கூடியது, அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே திருமணமாக இருக்கவில்லை என்று அறிவிப்பதுதான். அதற்கு முன்மணம் ஒரு காரணம், நெருங்கிய உறவு இன்னொரு காரணம். 1215இல் ரோமில் நடந்த பொதுச்சங்கம் நான்காம் தலைமுறை வரை உறவினரை மணக்கத் தடை விதித்திருந்தது. அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கத்தில் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஸ்காட்லாந்திலோ பிரபுக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. எனவே போப்பின் விலக்கு வாங்காமல் மணப்பது கடினம், மணந்தபின் செல்லாமை காட்டி விலகுவது எளிது. அல்பனி டியூக் அலெக்சாண்டரும் தம் முதல் மனைவி கேத்தரின் சிங்க்ளேரிடமிருந்து உறவு காரணம் காட்டித்தான் விலகினார். அதனால்தான் அவருடைய மூத்த மகன் ஒதுக்கப்பட்டு, இரண்டாம் மனைவியின் மகன் ஜான் 1516இல் 'இரண்டாம் நபர்' ஆனார்.

இந்தச் சட்டத்தை வைத்து லெனாக்ஸின் வாதத்தைப் பார்ப்போம். எலிசபெத் ஹோமின் முன்மணம் உண்மையென்றால் ஆரனின் தந்தைக்கு அவரோடு நடந்தது திருமணமே அல்ல, ஜேனட்டோடு நடந்ததே முதலும் முறையுமான திருமணம், மகனுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தத் தீர்ப்பு வசதிக்காக வாங்கப்பட்டது என்று நிறுவிவிட்டால், முதல் மனைவி இருக்கும்போதே நடந்த இரண்டாம் மணம் விழுந்துவிடும், அதில் பிறந்த மகனும் முறையற்றவராகிவிடுவார். எல்லாம் 1504ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மேல் நிற்கிறது. ஒரே வழக்குக்கு ஆறாண்டு இடைவெளியில் இரண்டாம் தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? என் பார்வையில், எதிரிகளுக்குப் பிடி கொடுத்தது முதல் தீர்ப்பைவிட அந்த இரண்டாம் தீர்ப்புதான்.

ஆரன் முறையற்றவர் என்றால் உரிமை யாருக்கு? ஹாமில்டன் பிரபுவுக்கும் இளவரசி மேரிக்கும் பிறந்த மற்றொரு குழந்தையான எலிசபெத் ஹாமில்டனின் வழிக்கு. எலிசபெத் இரண்டாம் லெனாக்ஸ் ஏர்லை மணந்தார். அவருடைய மகன் மூன்றாம் ஏர்ல் ஜான், பேரன் நம் மேத்யூ. ஆரனுக்கு எலிசபெத் அத்தை, மேத்யூவுக்கோ பாட்டி. இரு வீடுகளுக்கும் இடையில் இரத்தப்பழியும் இருந்தது. 1526 செப்டம்பர் 4 அன்று லின்லித்கோ பாலத்தருகே நடந்த சண்டையில் மேத்யூவின் தந்தை ஜான் கொல்லப்பட்டார். சரணடைந்த பின் ஃபின்னார்ட்காரர் கொன்றதாகச் சொல்வார்கள். எதிர்ப்படைக்குத் தலைமை தாங்கியவர்களில் முதல் ஆரன் ஏர்லும் ஒருவர், அதாவது கொல்லப்பட்டவரின் சொந்தத் தாய்மாமன். தம் சிவப்பு மேலங்கியை மருமகனின் உடல்மேல் விரித்துவிட்டு அவர் அழுதுகொண்டிருந்ததாக வரலாற்றெழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது 1543க்குத் திரும்புவோம். ஆட்சிக்கு வந்த தொடக்கத்தில் ஆரன் சீர்திருத்தச் சமயத்தின் பக்கம் சாய்ந்தார், மக்கள் தம் மொழியில் விவிலியம் படிக்க அனுமதி கிடைத்தது, கர்தினால் பீட்டன் காவலில் வைக்கப்பட்டார். ஜூலை 1 அன்று கிரீனிச்சில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி குழந்தை அரசியை இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்கு மணமுடிப்பதாக ஏற்பாடு. ஆரனின் மகனுக்குத் தம் மகள் எலிசபெத்தைக் கொடுப்பதாக எட்டாம் ஹென்றி ஆசைகாட்டியும் இருந்தார். அப்படியிருந்த ஆரன் செப்டம்பரில் ஒரே திருப்பமாகத் திரும்பி, கர்தினாலோடு சமாதானமாகி, ஸ்டெர்லிங்கில் திருச்சபையின் மன்னிப்பைப் பெற்றார். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு ஊசலாட்டக் குணம் என்று காரணம் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். வம்சாவளியைப் படித்தவர் அப்படிக் கடந்துபோக முடியாது. தந்தையின் மணமுறிவு செல்லும் என்று சொன்னது போப்பின் அதிகாரத்தின்கீழ் இயங்கிய மன்றம். அந்த அதிகாரத்தையே மறுத்துவிட்டால் தாம் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தாமே வெட்டியதாகும் என்று ஆரனுக்கு, அவருடைய தந்தைக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த சகோதரரும் பெய்ஸ்லி மடத்தலைவருமான ஜான் எச்சரித்ததாகச் சமகாலத்துச் சீர்திருத்தப் போதகரான ஜான் நாக்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஆரனின் முறைமையை நிலைநாட்டவும் குலைக்கவும் திருச்சபை வழி செல்வாக்கு படைத்திருந்தவர் தாயின் உறவினரான கர்தினால்தான். செப்டம்பர் 9 அன்று ஒன்பது மாதக் குழந்தைக்கு ஸ்டெர்லிங் கோட்டையில் முடிசூட்டினார்கள். முடியைச் சுமந்து நடந்தவர் ஆரன், செங்கோலைச் சுமந்தவர் லெனாக்ஸ். இருவரும் ஒரே இளவரசியின் வழிவந்தவர்கள், இருவர் கண்ணும் அந்தக் குழந்தையின்மேல்.

இதன்பின் இரு வீடுகளும் இரு வழியில் போயின. லெனாக்ஸ் இங்கிலாந்துப் பக்கம் சேர்ந்து, 1544இல் மார்கரெட் டக்ளஸை மணந்தார். எட்டாம் ஹென்றியின் அக்காள் மார்கரெட் டியூடருக்கு இரண்டாம் கணவர் மூலம் பிறந்த மகள் அவர். ஆரன் 1548இல் குழந்தை அரசியைப் பிரான்ஸுக்கு அனுப்பச் சம்மதித்து, அதற்குப் பரிசாகப் பிரெஞ்சு மன்னரிடமிருந்து ஷாத்தெல்ரோ டியூக் பட்டம் பெற்றார். 1554இல் ஆட்சிப் பொறுப்பை அரசியின் தாயிடம் ஒப்படைத்தார். மகனை இங்கிலாந்தின் எலிசபெத் அரசிக்குக் கட்டிவைக்கும் முயற்சி 1560இல் கைகூடவில்லை. அந்த மகன் 1562 முதல் மனநலம் குன்றிப்போனார்.

வென்றது அத்தையின் வழிதான். லெனாக்ஸின் மகன் டார்ன்லி பிரபு ஹென்றி, 1565 ஜூலை 29 அன்று மேரி அரசியை மணந்தார். மேரியின் தந்தையும் ஹென்றியின் தாயும் மார்கரெட் டியூடரின் வயிற்றில் பிறந்தவர்கள், ஆக அரசிக்கு அவர் அத்தை மகன். நம் ஊரில் முறை மாப்பிள்ளை என்று மகிழ்ந்திருப்பார்கள், அங்கே போப்பின் விலக்கு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு பிறந்த ஆறாம் ஜேம்ஸ், அரசியின் பிள்ளை என்ற உரிமையோடு லெனாக்ஸ் வீட்டின் பேரனாகவும் இருந்தான். பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற லெனாக்ஸ், 1571இல் ஸ்டெர்லிங்கில் நடந்த திடீர்த் தாக்குதலில் சுடப்பட்டு இறந்தார். தாக்க வந்தவர்களில் ஆரனின் இளைய மகன் கிளாட் ஹாமில்டனும் ஒருவர். நாள் செப்டம்பர் 4, தந்தை லின்லித்கோவில் விழுந்த அதே தேதி. ஆரன் 1575 ஜனவரியில் இறந்தார்.

ஆனாலும் 1504ஆம் ஆண்டின் மணமுறிவு இன்னும் செத்துப்போகவில்லை. ஆறாம் ஜேம்ஸுக்குக் குழந்தை பிறக்கும்வரை ஹாமில்டன்கள் முடியின் வாசலில்தான் நின்றார்கள். 1579இல் அரசு அவர்கள்மேல் பாய்ந்தபோது ஆரனின் மகன்கள் ஜானும் கிளாடும் நாட்டைவிட்டு ஓடினார்கள், 1585இல் படையோடு திரும்பி வந்தார்கள். மனநலம் குன்றிய மூத்தவர் பெயரளவில் ஆரன் ஏர்லாகவே இருந்தார், இடையில் சில ஆண்டுகள் அரசரின் அன்புக்குரிய வேறொருவர் அந்தப் பட்டத்தைப் பறித்து வைத்துக்கொண்டதும் உண்டு. 1594 பிப்ரவரியில் ஸ்டெர்லிங்கில் அரசருக்கு ஹென்றி என்ற ஆண் குழந்தை பிறந்தது. அதன்பின் எலிசபெத் ஹோம் தாமஸ் ஹேயின் மனைவியாக இருந்தாரா இல்லையா என்று கேட்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1599இல், அரசர் ஜான் ஹாமில்டனுக்கு மார்க்விஸ் பட்டம் கொடுத்தார்.